இதர விஷயங்கள்

கலீசியாவில், அட்லாண்டிக் ஓரம்,
போர்த்தோசீன் நகர மன்றத்தின் மாடிக் கூடத்தில்
முப்பத்தாறு நாற்காலி போட்டோம்.
மாடிக்கு வரச்சொன்னதே முதல் பிழை.
ஏறி முடிக்க இருபது நிமிடம்.
மூச்சு வாங்கும் சத்தத்தைக்
கூட்டக் குறிப்பில் எப்படி எழுதுவது?
எழுதாமல் விட்டேன்.

எனக்கு எழுதும் வேலை மட்டும்தான்.
பேச வந்தவர் பொருளாதார நிபுணர் ஆன்ஷோ.
திரையில் நீலத்தை விரித்தார்:
இருநூறு உல்லாசப் படகு கட்ட ஒரு துறை,
மூடிக் கிடக்கும் மத்தி டின் ஆலையில் காட்சிக்கூடம்,
பாறை முனையில் கண்ணாடிப் பாலம்.
நிறைவு: இரண்டாயிரத்து நாற்பத்தொன்று.

முன்வரிசை விரல்விட்டு எண்ணியது.
"அப்போது எனக்கு நூற்றிரண்டு,"
என்றார் எருந்தினா.
"திறப்பு விழாவில் பாண்டு வாசியுங்கள்,
இடுகாடு பக்கம்தான், காதில் விழும்."
சிரிப்பையும் நான் எழுதவில்லை.

ரொட்டிக்கடை அமாரோ எழுந்தார்.
ஐம்பத்தெட்டு வயது; அந்தக் கூடத்தில் அவர்தான் பையன்.
"இந்த ஊரின் பெரிய ஆலை எது தெரியுமா?
இருபத்தைந்தாம் தேதி வங்கியில் விழும் ஓய்வூதியம்.
என் அடுப்பு எரிவது அதில்,
மருந்துக்கடை, முடி சுருட்டும் கடை,
ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டக் காபி,
எல்லாம் அதில்.
போன பனிக்காலத்தில் பதினொரு சாவு.
எனக்கு அது தினம் ஏழு ரொட்டி குறைவு.
துக்கத்தை அளக்க
வேறு படி என்னிடம் இல்லை."

பூட்டிய வீடு எத்தனை, என்று கேட்டார் தொசிந்தா,
சிப்பி கிண்டும் பெண்களின் சங்கத் தலைவி.
நிபுணரிடம் எண் இல்லை.
அவரிடம் இருந்தது: இருநூற்றுப் பதினாறு.
சாவி ஜெனீவாவில், பில்பாவோவில்;
மூன்று மட்டும் பங்காளிச் சண்டையில், நீதிமன்ற அலமாரியில்.

ஏழு பத்துக்குக் கதவு திறந்தது.
அழைப்பு அனுப்பாத ஒருத்தி,
கேப் வெர்டேக்காரி, ஸெனாய்தா,
ஒரு கையில் தண்ணீர், மறு கையில் மாத்திரை டப்பி.
இஷீனியோ வாயில் இரண்டு,
எருந்தினா கண்ணில் சொட்டு,
யாருடைய காலுறையோ சரிந்திருந்தது, குனிந்து இழுத்துவிட்டாள்.
நிபுணர் காத்திருந்தார்.
சுவரில் நீலம் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பது வீட்டுக்கு அவள் ஒருத்தி.
அறுபத்து நான்கு பக்கத் திட்டத்தில்
அவளுக்கு ஒரு கால்புள்ளிகூட இல்லை.

"உட்கார், நீயும் சொல்," என்றார் தொசிந்தா.
அவள் உட்காரவில்லை.
"கடைசி பஸ் ஏழு நாற்பது.
விட்டால் பதினாலு கிலோமீட்டர் நடை.
அதனால் ஒன்பது மணி மாத்திரையை
ஏழுக்கே கொடுத்துவிடுகிறேன்,
டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்."

இங்கேயே ஒரு வீடு கேட்டிருக்கலாமே?

"கேட்டேன். கடிதம் போட்டேன்.
ஜெனீவாவில் ரொம்பக் குளிராம்,
பதிலில் அதுதான் இருந்தது."

யாரும் கைதட்டவில்லை.
கடல் தன் பங்குக்கு ஜன்னலை ஒருமுறை அறைந்தது.

இஷீனியோ, ஆழ்கடல் விசைப்படகில் முப்பது வருஷம்,
கடிகாரத்தைப் பார்த்தார்,
கைத்தடியை ஊன்றினார், எழுந்தார்.
அவர் எழ, வரிசை எழுந்தது.
கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது:
படியிறங்க இருபது நிமிடம்,
அவள் தோள் இல்லாமல் இறங்க முடியாதவர்கள் ஆறு பேர்,
மணி ஏழு பதினெட்டு.

"வாக்கெடுப்பு?" என்றார் ஆன்ஷோ.
"அடுத்த மாதம். கீழ்த்தளத்தில், நாலு மணிக்கு,"
படியிலிருந்து எருந்தினா குரல்.
"இருக்கிறவர்கள் வருகிறோம்."

கீழே அமாரோ
ஓட்டுநரின் ஜன்னலில் முழங்கை ஊன்றி
ஒன்றுமில்லாத ஏதோ கதையை நீட்டிக்கொண்டிருந்தார்,
கடைசிக் கைத்தடி
கடைசிப் படியைத் தொடும்வரை.

படகுத்துறை: முடிவு எட்டப்படவில்லை.
கண்ணாடிப் பாலம்: நேரமில்லை.
இதர விஷயங்கள் என்ற கட்டத்தில்
இத்தனை நாளில் முதல்முறையாக ஏதோ எழுதினேன்:

கூட்டம் ஒத்திவைப்பு.
காரணம், பஸ்.
ஏகமனதாக.